பார்க்கின்சன் மாத்திரையும் கட்டுக்கடங்காத ஆசைகளும்: குடும்பத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்டையார்பேட்டையில் அவர் குடியிருந்த தெருவில், சீட்டுக்கட்டைக் கையால் தொடாத மனிதர் என்று பெயரெடுத்தவர். நடுக்குவாதம் என்று தமிழில் சொல்லப்படும் பார்க்கின்சன் நோய் வந்த நான்காம் ஆண்டில், பெரியம்மா பாஸ்புக்கில் பதிவு போட வங்கிக்குப் போன அன்றுதான், ஏழு மாதப் பென்ஷனும் வைப்புத்தொகையில் பாதியும் காணாமல் போயிருந்தது தெரிந்தது. மூன்று நம்பர் லாட்டரிக்கும் கைப்பேசியில் ஆடிய ரம்மிக்கும் அந்தப் பணம் போயிருந்தது. பெரியம்மாவின் நான்கு சவரன் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. "வயசான காலத்துல இவருக்கு ஏன் இந்தப் புத்தி" என்று உறவினர் எல்லோரும் பேசினார்கள். அவர் வேளை தவறாமல் விழுங்கி வந்த மாத்திரைகளில் ஒன்றுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன.

அந்தப் பதினான்கு மாதங்கள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நரம்பியல் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன்னும் போய் வந்த பின்னும் வீட்டில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம்.

முதலில், மூளைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் கருமை படர்ந்த ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அந்த அணுக்கள்தாம் டோபமைன் என்ற வேதிப்பொருளை உண்டாக்கி, ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புபவை. ஸ்ட்ரையேட்டத்தின் மேற்பகுதி உடல் அசைவோடு தொடர்புடையது. கீழ்ப்பகுதி ஆசை, பரிசு, எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு தொடர்புடையது. நோயின் தொடக்க ஆண்டுகளில் மேற்பகுதிதான் முதலில் வறண்டுபோகிறது, கீழ்ப்பகுதிக்கான வரத்து அந்த அளவுக்குக் குறைவதில்லை.

தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்து வளர்ந்த வட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டினால், கடைசித் தெருவில் குடம் நிறைகிற அதே நேரத்தில் முதல் தெருவின் குழாயடி வெள்ளக்காடாகிவிடும். கை கால் அசைவுக்குச் சரியாக இருக்கும் மருந்தின் அளவு, ஆசைக்குரிய பகுதிக்கு மிகையாகிவிடுவது இப்படித்தான்.

பார்க்கின்சன் மருந்துகளில் இரண்டு வகைகளை இங்கே வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். லெவோடோபா என்பது மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து. சின்டோபா என்ற பெயரில் பலரும் சாப்பிடுவது இதைத்தான். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை வேறு வகை. இவை டோபமைனாக மாறுவதில்லை, டோபமைன் அமர வேண்டிய இடத்தில் தாமே போய் அமர்ந்து அதன் வேலையைச் செய்கின்றன. டோபமைன் அகோனிஸ்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். டோபமைன் வந்து அமரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். ஆசைக்குரிய கீழ்ப்பகுதியில் டி3 என்ற வகை ஏற்பிகள் அதிகம். பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் அந்த டி3 ஏற்பிகளைத்தான் கூடுதலாக நாடுகின்றன. கட்டுப்பாடு இழக்கும் சிக்கல் லெவோடோபாவிலும் வரலாம் என்றாலும், அகோனிஸ்ட் வகையில் மிக அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் பார்வையையே மாற்றிய ஆய்வு ஒன்று உண்டு. 2004-இல் மைக்கேல் ஃபிராங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொள்ளும் ஒரு சோதனையைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து எடுக்காத நிலையில் அவர்கள் தவறான தேர்விலிருந்து நன்றாகப் பாடம் கற்றார்கள். மருந்தின் பிடியில் இருந்தபோது வெற்றி தந்த தேர்விலிருந்து நன்றாகக் கற்றார்களே தவிர, தோல்வியின் பாடம் அந்த அளவுக்குப் பதியவில்லை. லாட்டரியில் நூறு முறை தோற்ற மனிதருக்கு, என்றோ ஒருநாள் விழுந்த ஐந்நூறு ரூபாய் மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் விளக்கம் இதுதான். "பட்டால்தான் புத்தி வரும்" என்று நாம் சொல்வோம். பட்டதிலிருந்து புத்தி கொள்ளும் பாதையையே மருந்து மங்கச் செய்திருக்கும்போது, பட்டுப் பட்டுத் திருந்துவார் என்று காத்திருப்பதும், திட்டித் திருத்தப் பார்ப்பதும் பயன் தராத வேலைகள். இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் அனைத்தும் இந்த ஒரு புரிதலின் மேல்தான் நிற்கின்றன.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வமான விளைவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளிவந்த ஆய்வில், சூதாட்டம், அளவற்ற வாங்கல், அளவற்ற உணவு, பாலுறவு வேட்கை ஆகிய நான்கில் ஒன்றேனும் 13.6 சதவீதம் பேரிடம் காணப்பட்டது. அகோனிஸ்ட் எடுத்தவர்களில் அது 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறை பார்த்து எடுத்த கணக்கு இது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. அதில் ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தச் சிக்கல் ஏற்பட்டவர்கள் ஏறக்குறைய 46 சதவீதம். ஆகவே சென்ற ஆண்டு இல்லாதது இந்த ஆண்டு வரலாம். மாத்திரை தொடங்கிச் சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

முதல் படி: மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள்

வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல், ரோட்டிகோட்டின், புரோமோகிரிப்டின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எந்த மாதம் தொடங்கியது, எப்போது டோஸ் கூட்டப்பட்டது என்பதைப் பழைய ஓபி சீட்டுகளைப் பார்த்துத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் இரவில் கால் துடிக்கும் நோய்க்கும் தரப்படுவதுண்டு. அங்கேயும் இதே சிக்கல் வரலாம்.

அட்டையில் இந்தப் பெயர் இருப்பதாலேயே அஞ்ச வேண்டியதில்லை. இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு அகோனிஸ்ட் கொடுப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. லெவோடோபாவால் பிற்காலத்தில் வரும் உடல் நெளிவு அசைவுகளைத் தள்ளிப்போட அது உதவுகிறது. இந்த மருந்தால் நடக்கவும் எழுதவும் மறுபடி முடிந்தவர்கள் ஏராளம். மருந்தின் மேல் பகை கொள்ளாமல், அதன் மேல் கண் வைத்திருந்தால் போதும்.

யாருக்குக் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும்? இளவயதில் நோய் வந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், முன்பு குடிப்பழக்கமோ சூதாட்டப் பழக்கமோ இருந்தவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் இருப்பவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள். ஆண்களிடம் சூதாட்டமும் பாலுறவு வேட்கையும், பெண்களிடம் வாங்கலும் உணவும் அதிகம் காணப்படுகின்றன. என் பெரியப்பாவுக்கு இந்தப் பட்டியலில் ஒன்றுமே பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் படி: வீட்டில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்

பொழுதுபோக்கு எது, நோய் எது என்று பிரிப்பதற்கு நான்கு கேள்விகள் போதும். இந்தப் பழக்கம் மாத்திரை தொடங்கிய பிறகு புதிதாக வந்ததா, அல்லது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு பெருகியதா? நிறுத்தச் சொன்னால், அவரே விரும்பினாலும், நிறுத்த முடியாமல் தவிக்கிறாரா? மறைக்கிறாரா? பணம், தூக்கம், உறவு, உடல்நலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கெடுகிறதா? இரண்டு கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது என் கருத்து.

சூதாட்டம் நம் ஊரில் சூதாட்டம் என்ற பெயரோடு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருந்தும் மூன்று நம்பர் சீட்டு ரகசியமாக விற்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனாலும் சட்டத்துக்கு வெளியே இயங்கும் செயலிகளின் விளம்பரம் கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. படித்து ஓய்வு பெற்றவர்கள் பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கத் தொடங்குவார்கள், அதை வீட்டார் அறிவார்ந்த வேலை என்று பெருமையாகக்கூட நினைப்பார்கள். மாதம் பத்து சதவீத வட்டி என்று சொல்பவரிடம் விசாரிக்காமல் பணத்தைக் கொட்டுவது, ஏலச்சீட்டில் தேவையே இல்லாமல் பெருந்தள்ளுபடிக்கு எடுப்பது, கேட்பவருக்கெல்லாம் கைமாற்றுக் கொடுப்பது, யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போடுவது ஆகியவையும் அதே துணிச்சலின் வேறு வேறு முகங்கள்.

வாங்கும் வேட்கை துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் தொடங்கலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி அங்கே புடவை எடுப்பதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் ஒரே நிறத்தில் ஆறு புடவைகள் பிரிக்காமலே பீரோவில் கிடக்கும்போதும், கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் பக்கத்து வீட்டில் இறங்கும்போதும், கணக்கு வேறாகிவிடுகிறது. உணவில் இது பெரும்பாலும் இனிப்பாகவும் இரவிலும் வரும். நோயால் மெலிந்தவர் திடீரென்று எடை கூடினால் உடல் தேறிவிட்டது என்று மகிழ்வதற்கு முன், விடியற்காலையில் சமையலறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை நோயும் உடன் இருந்தால் இது அவசரமான செய்தி.

பாலுறவு வேட்கை பற்றிப் பேச எல்லோரும் தயங்குகிறோம். அதனாலேயே இதில்தான் அதிக துன்பம் சத்தமில்லாமல் நடக்கிறது. அறுபது வயதைக் கடந்த மனைவி, இரவெல்லாம் கணவர் தொந்தரவு செய்வதை மகனிடமும் சொல்ல முடியாமல், மருமகளிடமும் சொல்ல முடியாமல் முடங்கிக் கிடப்பார். கைப்பேசியில் ஆபாசப் படங்களுக்கு அடிமையாவது, வீட்டு வேலைக்கு வருபவரிடம் முறைகேடாக நடப்பது, மனைவி மேல் காரணமின்றிச் சந்தேகப்படுவது என்றும் இது வெளிப்படலாம். குடும்பத்தில் அவருக்கு நெருக்கமான ஒரு பெண், தனியாக, கதவை மூடிக்கொண்டு அந்த மனைவியிடம் கேட்க வேண்டும்: "ராத்திரியில உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா அத்தை? மாத்திரையாலகூட அப்படி ஆகுமாம். டாக்டர்கிட்ட நான் சொல்றேன்." மருந்தால் வந்தது என்பதால் அந்தப் பெண் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. மருந்து குறையும் வரை வேறு அறையில் பாதுகாப்பாகத் தூங்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

பண்டிங் என்று ஒன்று உண்டு. பயனில்லாத ஒரே வேலையை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அந்தப் பெயர். காசிமேட்டில் கடலுக்குப் போய் ஓய்ந்த ஒருவர் நல்ல வலையைப் பிரித்துப் பிரித்து விடியும் வரை மறுபடி கட்டிக்கொண்டிருந்தால், பெரம்பூரில் ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியைத் தினமும் கழற்றி மாட்டினால், பழைய தொழில் ஞாபகம் என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறாரா என்பதுதான் அடையாளம்.

கடைசியாக, மாத்திரையின் மேலேயே வரும் வேட்கை. நேரம் வருவதற்கு முன்பே லெவோடோபா கேட்பது, இரண்டு மூன்று மெடிக்கல் ஷாப்களில் தனித்தனியாக வாங்குவது, தலையணைக்கடியில் அட்டைகளைச் சேர்ப்பது, உடல் நெளிந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே "இன்னும் பத்தலை" என்று சொல்வது. இதைக் கண்டால் மாத்திரைப் பெட்டியை வேறொருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை எண்ணிக் கொடுங்கள். வாங்குவதை ஒரே கடையோடு நிறுத்தி, கடைக்காரரிடமும் விவரத்தைச் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் படி: நோயாளியிடம் பேசுங்கள்

பணத்தை இழந்த மறுநாள், பேரப்பிள்ளைகள் எதிரில், மாத்திரையின் வேகம் தணிந்து உடல் இறுகிக் கிடக்கும் நேரத்தில் பேசாதீர்கள். மாத்திரை வேலை செய்து அவர் இலகுவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில், அவர் மதிக்கும் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசட்டும். எங்கள் வீட்டில் அண்ணன்தான் பேசினான். "நைனா, இது உங்க தப்பு இல்ல. நீங்க சாப்புடுற மாத்திரைல ஒண்ணு நிறைய பேருக்கு இப்படிப் பண்ணுதாம். டாக்டர் அதைக் குறைச்சா சரியாப் போயிடுமாம். நான் கூட வரேன், ரெண்டு பேரும் போலாம்." பெரியப்பா அழுதுவிட்டார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று ஓராண்டாக அஞ்சிக்கொண்டிருந்ததை அன்றுதான் சொன்னார்.

எல்லோரும் அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிலருக்குத் தம்மிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. சிலருக்கு அந்த மாத்திரை தரும் உற்சாகம் பிடித்திருக்கும். மறுத்தால் வாதாட வேண்டாம். எத்தனை ரூபாய், எத்தனை மணி நேரம், எத்தனை பார்சல் என்று நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். "எப்பப் பாத்தாலும் இதே வேலை" என்ற புலம்பலை மருத்துவரால் அளக்க முடியாது. மூன்று வாரக் கணக்கை வைத்து அவர் முடிவெடுக்க முடியும்.

நான்காம் படி: ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்

அரசு மருத்துவமனை ஓபி-யில் மருத்துவருக்கு முன்னும் பின்னும் கூட்டம் நிற்கும். கிடைக்கும் சில நிமிடங்களில் அவர் கையைத் தட்டிப் பார்ப்பார், நடக்கச் சொல்லிப் பார்ப்பார். நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பார், குறைந்திருக்கிறது என்று நாம் சொல்வோம், அதே மாத்திரை தொடரும். நோயாளி பக்கத்திலேயே இருக்கும்போது சூதாட்டத்தைப் பற்றியோ படுக்கையறையைப் பற்றியோ வாய் திறப்பது கடினம். ஆகவே தாளில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்த தாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பிரமிபெக்சோல் தொடங்கிய மாதம் இது, டோஸ் கூட்டிய மாதம் இது. டோஸ் கூட்டிய மூன்றாம் மாதத்திலிருந்து லாட்டரியும் ரம்மியும். அதற்கு முன் இந்தப் பழக்கம் இல்லை. இதுவரை இழந்த தொகை இவ்வளவு. இரவில் இரண்டு மணி வரை கைப்பேசி. நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்கிறார், முடியவில்லை. இது மாத்திரையால் இருக்குமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வட சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் நரம்பியல் துறைகள் இருக்கின்றன. மனநல மருத்துவரின் உதவியும் தேவைப்பட்டால் அதே மருத்துவமனைகளில் கேட்கலாம், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். இந்தச் சிக்கலைக் கண்டறிவதற்கென்றே பார்க்கின்சன் நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட குயிப் என்ற கேள்வித்தாள் 2009 முதல் இருக்கிறது. அதை நிரப்பித் தரச் சொன்னால், நோயாளி ஒன்றும் வீட்டார் ஒன்றுமாகத் தனித்தனியே நிரப்புங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே மருத்துவருக்கு ஒரு செய்தி.

ஐந்தாம் படி: பணத்துக்கு வேலி போடுங்கள்

படிகளின் வரிசையில் ஐந்தாவதாக எழுதினாலும், சந்தேகம் உறுதியான அன்றே இதைத் தொடங்க வேண்டும். மருந்து குறைந்து ஆசை அடங்க வாரங்களும் மாதங்களும் ஆகும். ஒரு வீட்டை இழக்க ஒரு மதியம் போதும்.

அவமானப்படுத்தாமல் செய்வதே இதில் கலை. மாதச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையை அவர் கையிலேயே இருக்க விடுங்கள். டீக்கடைக்கும் பேப்பருக்கும் மகனிடம் கையேந்தும் நிலையை உண்டாக்கினால், அந்த வலியே அவரை வட்டிக்காரரிடம் தள்ளும். மீதியை அவர் ஒப்புதலோடு, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே எடுக்க முடிகிற கணக்குக்கு மாற்றுங்கள். ஏடிஎம் அட்டையின் அன்றாட வரம்பையும் ஜிபே போன்ற செயலிகளில் அனுப்பும் வரம்பையும் குறைக்கச் சொல்லி வங்கியில் கேளுங்கள். கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரும் குறுஞ்செய்தி இன்னொருவர் கைப்பேசிக்கும் வருமாறு பாருங்கள். உடனடிக் கடன் தரும் செயலிகளையும் விளையாட்டுச் செயலிகளையும் அவர் முன்னிலையிலேயே நீக்குங்கள். திருட்டுத்தனமாக நீக்கினால் திருட்டுத்தனமாகவே திரும்பி வரும். நகையையும் வீட்டுப் பத்திரத்தையும் இருவர் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் வையுங்கள்.

கையெழுத்துப் போட்டு விற்றதையும் கொடுத்ததையும் பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தான் செய்வது இன்னது என்று புரிந்து, அது தன் நலனை எப்படிப் பாதிக்கும் என்று பகுத்தறிந்து முடிவெடுக்க முடிகிறவரைத் தெளிந்த மனமுடையவர் என்கிறது. பேச்சிலும் நினைவிலும் தெளிவாக இருக்கும் பார்க்கின்சன் நோயாளியை அந்த வரையறைக்கு வெளியே நிறுத்திக் காட்டுவது மிகக் கடினம். முன்னரே தடுப்பதுதான் நடக்கக்கூடியது.

ஏற்கெனவே கடன் ஏறியிருந்தால், முழுக் கணக்கையும் ஒரே நாளில் வெளியே கொண்டுவருவதுதான் நல்லது. மறைத்து வைத்த ஒரு கடனை அடைக்கவே அடுத்த ஆட்டம் ஆடப்படுகிறது. மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று மிரட்டுபவர்கள் மேல் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியும். ஆன்லைனில் ஏமாற்றப்பட்டுப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள்.

ஆறாம் படி: மருந்து குறையும் மாதங்களைக் கவனமாகக் கடந்து செல்லுங்கள்

இதைப் படித்துவிட்டு இன்றிரவே பிரமிபெக்சோலைக் குப்பையில் போட வேண்டும் என்று தோன்றினால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவுத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்; அகோனிஸ்ட்டை நிறுத்துவதும் படிப்படியாகத்தான் நடக்க வேண்டும். மருத்துவர் வழக்கமாக அகோனிஸ்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அசைவு கெடாதபடி லெவோடோபாவைத் தேவைக்கேற்பக் கூட்டுவார். பெரும்பாலானோருக்கு இதிலேயே வேட்கை அடங்கிவிடுகிறது. சிலருக்கு மனநல ஆலோசனையும் வேறு மருந்துகளும் சேர்த்துத் தேவைப்படும். நோய்க்காக மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை செய்தவர்களில் மருந்தின் அளவு குறைவதால் சிலருக்கு இந்தச் சிக்கலும் குறைகிறது. ஆனால் அறுவைக்குப் பின் புதிதாக இந்தச் சிக்கல் தோன்றியவர்களும் உண்டு.

குறைக்கும்போது வரும் ஒரு துன்பத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பதற்றம், திடீர் பீதி, கடும் சோர்வு, வியர்வை, உடல்வலி, தூக்கமின்மை, பழைய மாத்திரையே வேண்டும் என்ற ஏக்கம் ஆகியவை சிலருக்கு வரும். லெவோடோபாவைக் கூட்டினாலும் இவை அடங்குவதில்லை. 2010-இல் இந்த நிலையை முதலில் விவரித்த ஆய்வில், அகோனிஸ்ட் குறைக்கப்பட்ட 26 பேரில் 5 பேருக்கு இது வந்தது. அந்த ஐவருக்கும் ஏற்கெனவே கட்டுப்பாட்டுச் சிக்கல் இருந்தது. அதாவது, யாருக்குக் குறைத்தே ஆக வேண்டுமோ அவர்களுக்கே இது வரும் வாய்ப்பு அதிகம். பெரியப்பாவுக்கு மூன்றாம் வாரத்தில் வந்தது. இரவெல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் குறைக்கும் வேகத்தைத் தணித்தார், ஐந்து மாதங்கள் ஆயின.

இந்த மாதங்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். வெறி தணியத் தணிய, செய்தது என்னவென்று அவருக்குத் தெரியத் தொடங்குகிறது. இழந்த பணமும் தலைகுனிவும் சேர்ந்து வந்து நிற்கும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற சொல் வாயிலிருந்து வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பராமரிப்பவர்களும் அந்த எண்ணை அழைக்கலாம். பெரியம்மா இரண்டு முறை அழைத்தார்.

கோபம் தணியவோ தூக்கம் வரவோ கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் டோபமைனைத் தடுப்பவை. பார்க்கின்சன் நோயாளியின் கை காலை அவை கட்டிப்போட்டுவிடும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

அதன் பிறகு

வேட்கை அடங்கிய பிறகும் வேலியை உடனே எடுக்க வேண்டாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நான்கு கேள்விகளையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறை டோஸ் மாறும்போதும் கேளுங்கள். பணப் பொறுப்பை அவரிடம் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் மின்கட்டணம், பிறகு மளிகை, பிறகு பென்ஷன் எடுக்கும் வேலை.

நடக்கக்கூடிய இன்னொரு ஆபத்து, நிறுத்திய மருந்து வேறொரு வாசல் வழியாகத் திரும்புவது. மருத்துவர் மாறும்போது, விழுந்து அடிபட்டு வேறு மருத்துவமனையில் சேரும்போது, பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை மறுபடி எழுதிவிடுவார்கள். எங்களுக்கே ஒருமுறை அப்படி ஆனது. இடுப்பெலும்பு முறிவுக்காகச் சேர்த்திருந்தபோது, மூன்றாம் நாள் மாத்திரைக் கிண்ணத்தில் அது இருந்ததைப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். இப்போது பெரியப்பாவின் மருத்துவ ஃபைல் அட்டையில், இரத்த வகைக்குக் கீழே, சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "பிரமிபெக்சோல், ரோபினிரோல் கொடுக்க வேண்டாம். முன்பு சூதாட்ட வேட்கை ஏற்பட்டது. நரம்பியல் மருத்துவரிடம் கேட்கவும்." அதன் இரண்டு நகல்களில் ஒன்று அண்ணனின் கைப்பேசியில் இருக்கிறது, மற்றொன்று பெரியம்மாவின் சுருக்குப் பையில்.